‘கட்டணம் இல்லை’ என்ற பன்னிரண்டு ரசீதுகளும் ஒரு தந்திமாற்றும்: அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவரின் பணம் வீடு சேர்ந்த வழி

குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர், ஆறாண்டுகளாக அயல்நாட்டில் வேலை செய்பவர், வீட்டின் மீதிருந்த அடமானக் கடனை ஒரே தவணையில் அடைத்துவிடுவதற்காகத் தம் வங்கிக் கிளைக்குச் சென்று பணம் அனுப்பினார். இரண்டு மூன்று வேலை நாட்களில் போய்ச் சேரும் என்று கவுண்டரில் சொன்னார்கள். கடனை முடிக்க ஒப்புக்கொண்ட கடைசி நாள், அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது நாள். அன்று காலை வரை பணம் வரவில்லை என்பதால், வங்கியின் அயல்நாட்டுப் பணப்பரிமாற்றப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து விலகிய என்னிடம், பொதுவான நண்பர் ஒருவர் மூலம் அவர் வந்தார். பணம் பத்தொன்பதாவது நாள் வந்தது. வந்த தொகையோ, கடனை அடைக்கப் போதவில்லை.

அவருடைய பெயரையும், இரு நாடுகளின் பெயர்களையும், வங்கிகளின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். தொகைகளையும் ஒரே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். வேலை செய்யும் நாட்டின் பணத்தை ‘அலகு’ என்றும், சொந்த நாட்டின் பணத்தை, அவரும் அவருடைய அறைத் தோழர்களும் சொல்வதைப் போலவே, ‘ஊர்க்காசு’ என்றும் குறிப்பிடுகிறேன். அனுப்பிய நாளில் சந்தை விகிதம் ஓர் அலகுக்கு 20 ஊர்க்காசு என்று வைத்துக்கொண்டால், நடந்தவை அனைத்தையும் விகிதம் பிசகாமல் சொல்லிவிட முடியும்.

அவரிடம் இருந்த ஆவணங்கள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிவிட்டன. மாதத்துக்கு 1000 அலகு வீதம் அதற்கு முந்தைய ஓராண்டில் அனுப்பியதற்கான பன்னிரண்டு ரசீதுகள், கடைசியாக அனுப்பிய 6000 அலகுக்கான கிளை ரசீது, மனைவியின் கணக்குப் புத்தகத்தின் புகைப்படங்கள், இவ்வளவுதான். மாத ரசீதுகளைச் செயலியில் பார்த்துக்கொண்டே கிளை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் அச்சிட்டு எடுத்து வைக்கும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த அச்சு வெப்பத்தாளில் வருவது. உறைக்குள் கிடந்த வெயிலுக்கும் வியர்வைக்கும் நான்கு தாள்கள் வெற்றுத்தாள்களாகவே வெளுத்துப்போயிருந்தன. எட்டை மட்டுமே படிக்க முடிந்தது. அந்த எட்டிலும் ‘கட்டணம்: 0.00’ என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது.

“கட்டணமே இல்லைன்னுதான் சார் இந்த பேங்க்லயே அனுப்பிக்கிட்டிருந்தேன்” என்றார். தாமதமான ஒற்றைப் பரிமாற்றத்தை ஆராயத்தான் அவர் என்னை அழைத்தார். ஆயினும் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு பழைய ரசீதுகளிலிருந்தே தொடங்குவது சரி என்று எனக்குப் பட்டது, ஏனென்றால் 6000 அலகுக்கு எவ்வளவு ஊர்க்காசு வரும் என்று அவர் போட்ட கணக்கு இந்த ரசீதுகளிலிருந்து பிறந்ததுதான்.

மாத ரசீதுகள் சொன்ன கணக்கு

படிக்க முடிந்த எட்டு ரசீதுகளிலும், வங்கி கொடுத்த மாற்று விகிதத்தை அதே நாளின் இடைச்சந்தை விகிதத்தோடு, அதாவது வங்கிகள் தங்களுக்குள் நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் விகிதத்தோடு, ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடு ஏறக்குறைய மாறாமல் இருந்தது. சந்தையில் 20 இருந்த நாளில் வங்கி கொடுத்தது 19.35. ஆயிரம் அலகுக்கு 20,000 ஊர்க்காசு போக வேண்டிய இடத்தில் 19,350 போயிருக்கிறது. 650 ஊர்க்காசு, அதாவது 3.25 சதவீதம், கட்டணம் என்ற பெயர் இல்லாமல் விகிதத்துக்குள்ளேயே கழிந்திருக்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு இது 7,800 ஊர்க்காசு. அவர் சம்பளத்திலிருந்து எடுத்து அனுப்பும் ஒரு மாதத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அவர் தங்கியிருந்த இடத்துக்கு அருகிலேயே உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்ச் ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் 15 அலகு கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால் அங்கே அவர் போகவில்லை. அதே நாட்களில் அந்த எக்ஸ்சேஞ்ச் கொடுத்த விகிதம் 19.88 அளவில் இருந்தது. ஆயிரத்தில் 15 போக மீதி 985 அலகை 19.88-ஆல் பெருக்கினால் 19,581 ஊர்க்காசு வருகிறது. ‘கட்டணம் இல்லாத’ வங்கி கொடுத்ததைவிட மாதத்துக்கு 231 கூடுதல். நான் தாளில் பெருக்கிக் காட்டியபோது அவர் நம்பவில்லை. தம் கைபேசியில் தாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார், பிறகு இன்னொரு முறை. அதன்பின் சற்று நேரம் எதுவும் பேசவில்லை.

இது அவருடைய அறியாமை என்று நான் எழுதமாட்டேன். கட்டணம் என்பது ரசீதில் ஒரு வரியாக அச்சாகிறது. விகிதத்தில் மறைந்த இடைவெளி எந்த வரியிலும் அச்சாவதில்லை. இரண்டையும் சேர்த்தே செலவு என்று கணக்கிட வேண்டும் என்பது உலக வங்கி இத்துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை. அது காலாண்டுதோறும் வெளியிடும் ஒப்பீட்டில், 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு அண்மை ஆண்டுகளில் 6 சதவீதத்துக்குச் சற்று மேலேயே நின்றுகொண்டிருக்கிறது. அனுப்பும் வழிகளில் மிக அதிகம் செலவு வைப்பவை வங்கிகள் என்பதும் அதே ஒப்பீட்டில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 10.சி என்ற பிரிவு, 2030-க்குள் இச்செலவை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறது. 2023-இல் மட்டும் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்குத் தொழிலாளர்கள் அனுப்பிய பணம் 65,600 கோடி டாலர் அளவில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது என்பதை நினைத்தால், ஒரு சதவீதம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பது புரியும்.

இந்த அளவுகோலில் பார்த்தால் அவருடைய மாதாந்திர இழப்பாகிய 3.25 சதவீதம் உலகச் சராசரியைவிடக் குறைவுதான். அதை நான் அவரிடம் சொல்லவும் செய்தேன். பெரிதாக ஆறுதல் அளித்ததாகத் தெரியவில்லை.

பதின்மூன்றாவது பரிமாற்றம்

கடனை முடிக்கத் தேவைப்பட்டது 1,15,000 ஊர்க்காசு. மாத ரசீதுகளில் பழகிய 19.35 விகிதத்தை வைத்து, 6000 அலகு அனுப்பினால் 1,16,100 கிடைக்கும், மீதி சிறு செலவுக்கு ஆகும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். பணம் கையில் இருந்தும் அதை உடனே அனுப்பவில்லை. சந்தை விகிதம் 19.90-இல் இருந்தது, ‘ரேட் ஏறும்’ என்று அறையில் பேச்சு. இருபத்துமூன்று நாட்கள் காத்திருந்து, 20-ஐத் தொட்ட அன்று அனுப்பினார். அந்தக் காத்திருப்பில் அவருக்குக் கிடைத்த ஆதாயம் 600 ஊர்க்காசு. கடைசி நாளுக்கு முன்பு இருந்திருக்கக்கூடிய மூன்று வார இடைவெளி அதற்கு விலையாகப் போயிற்று.

செயலியில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு இருந்ததால், பெரிய தொகைக்குக் கிளைக்கே போக வேண்டியிருந்தது. இதுதான் வழக்கின் திருப்புமுனை. செயலியில் அனுப்பிய மாதப் பணம், இரு நாட்டு வங்கிகளுக்கிடையே முன்கூட்டிச் செய்யப்பட்ட ஏற்பாட்டின் வழியே நேராக ஊர்க்காசாகப் போய்ச் சேர்ந்தது. கிளையில் நிரப்பிய படிவமோ தந்திமாற்றுக்கானது. 1871-இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் தந்திக் கம்பி வழியே பணம் அனுப்பும் சேவையைத் தொடங்கிய காலத்தின் சொல் இன்றும் வங்கிப் படிவங்களில் ‘டிடி’ (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. தந்தியே போய்விட்டது, பெயர் போகவில்லை. ஒரே வங்கி, ஒரே பெறுநர், ஒரே கணக்கு. வழி மட்டும் வேறு. இந்த வேறுபாட்டை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தந்திமாற்றில் பணம் எப்படி நகர்கிறது என்பதை ஓரளவு விளக்காமல் மேலே செல்ல முடியாது. இரண்டு வங்கிகளுக்கிடையே நேரடிக் கணக்கு இருந்தால் ஒன்று மற்றொன்றின் கணக்கில் பற்றுவைத்து வேலையை முடித்துவிடும். நேரடிக் கணக்கு இல்லாதபோது, இருவருக்கும் கணக்கு உள்ள மூன்றாவது வங்கி ஒன்றைத் தேட வேண்டும். அப்படி ஒரே வங்கி அமையாவிட்டால் இரண்டு வங்கிகள் சங்கிலியாக இணைய வேண்டும். இவற்றைத் தொடர்பு வங்கிகள் அல்லது இடைநிலை வங்கிகள் என்பர். 1973-இல் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட, இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைக்கும் ஸ்விஃப்ட் அமைப்பு பணத்தைக் கொண்டுசெல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது கொண்டுசெல்வது செய்தியை மட்டுமே: ‘என் கணக்கில் இவ்வளவு கழித்துக்கொண்டு, இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்ற கட்டளையை. பணம் என்பது அந்தந்த வங்கியின் ஏட்டில் மாறும் எண். 2011-க்கும் 2018-க்கும் இடையில் இயங்கும் தொடர்பு வங்கிகளின் எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் புள்ளிவிவரம் காட்டுகிறது. வங்கிகள் குறையக் குறையச் சங்கிலி நீள்கிறது. சிறிய நாடுகளுக்கு அனுப்புவோர்தாம் அந்த நீளத்துக்குச் செலவழிக்கிறார்கள்.

இந்த வழக்கில் சங்கிலியில் இரண்டு இடைநிலை வங்கிகள் இருந்தன; நடுவில் ஓடிய நாணயம் டாலர். கழிவுகள் நடந்த விதம் இது. அனுப்பிய வங்கி 40 அலகைத் தந்திமாற்றுக் கட்டணமாகத் தனியே எடுத்துக்கொண்டது. ரசீதில் தெரிந்த ஒரே செலவு அதுதான். பின்பு 6000 அலகை டாலராக மாற்றியது. சந்தை விகிதப்படி 1500 டாலர் வர வேண்டியதற்கு 1485 டாலர் வந்தது. முதல் இடைநிலை வங்கி 20 டாலரையும், இரண்டாவது 15 டாலரையும் கழித்துக்கொள்ள, பெறுநரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது 1450 டாலர். அந்த வங்கி, டாலருக்கு 80 ஊர்க்காசு இருந்த நாளில் 78.60 வீதம் மாற்றி, தன் பங்குக்கு 350 ஊர்க்காசு கழித்துக்கொண்டு, 1,13,620-ஐக் கணக்கில் வரவு வைத்தது.

சந்தை விகிதப்படி 1,20,000 வந்திருக்க வேண்டும். குறைந்தது 6,380. இதில் இடைநிலை வங்கிகள் எடுத்தது 2,800. இரண்டு முறை நாணயம் மாற்றியதில் போனது 3,230. மீதி 350 பெறுநர் வங்கியின் கழிவு. தனியே கட்டிய 40 அலகையும், அதாவது 800 ஊர்க்காசையும் சேர்த்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ 6 சதவீதம் ஆகிறது. அவர் கண்ணால் பார்த்தது அதில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. கடனுக்குக் குறைந்தது 1,380 ஊர்க்காசு. அதே நாளில், அருகிலிருந்த எக்ஸ்சேஞ்சில் மூவாயிரம் மூவாயிரமாக இரண்டு முறை அனுப்பியிருந்தால், முப்பது அலகுக் கட்டணம் போக 1,18,683 வந்திருக்கும் என்பதையும் கணக்கிட்டேன். அதை அவரிடம் அன்றே சொல்ல மனம் வரவில்லை, பல நாட்களுக்குப் பிறகுதான் சொன்னேன்.

படிவத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. இடைநிலைக் கழிவுகளை யார் ஏற்பது என்று கேட்கும் கட்டம் அது. ‘ஓ.யு.ஆர்.’ என்றால் அனைத்தையும் அனுப்புநர் ஏற்கிறார், ‘பி.இ.என்.’ என்றால் பெறுநர் ஏற்கிறார், ‘எஸ்.ஹெச்.ஏ.’ என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணத்தை அனுப்புநரும் மற்றவற்றைப் பெறுநரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அவருடைய படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் ஏற்கெனவே அச்சிலேயே குறியிடப்பட்டிருந்தது. கடன் அடைப்பு, கல்லூரிக் கட்டணம், மருத்துவமனைக் கட்டணம் போன்று குறிப்பிட்ட தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டிய இடங்களில், கூடுதலாகக் கட்டியாவது ‘ஓ.யு.ஆர்.’ கேட்பதே முறை. அதைக் கேட்டிருந்தால் இடைவழியில் போன 2,800 பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், கடனும் அடைந்திருக்கும். இரண்டு முறை நாணயம் மாற்றியதால் வந்த இழப்பை அந்தக் கட்டம் ஒன்றும் செய்திருக்காது.

அமெரிக்காவில் 2013 அக்டோபர் 28 முதல் நடைமுறையில் உள்ள விதி ஒன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனிநபர் அயல்நாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, அவர் பணம் கட்டும் முன்பே கட்டணம், மாற்று விகிதம், மறுமுனையில் கைக்குக் கிடைக்கும் தொகை ஆகியவற்றைச் சேவை நிறுவனம் எழுத்தில் காட்ட வேண்டும் என்பதும், பணம் கட்டிய 30 நிமிடங்களுக்குள் பொதுவாகப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம் என்பதும், தவறு நேர்ந்தால் 180 நாட்களுக்குள் முறையிடலாம் என்பதும் அந்த விதியின் சாரம். ‘மறுமுனையில் கிடைக்கும் தொகை 1,13,620’ என்று ஒரு வரி இவருடைய படிவத்தில் இருந்திருந்தால், கையெழுத்திடும் முன்பே கவுண்டரில் கேள்வி எழுந்திருக்கும்.

பத்தொன்பது நாட்கள்

பணம் வராத நாட்களில் நடந்த உரையாடல்கள் இத்துறையில் இருந்தவர்களுக்கு மிகவும் பழக்கமானவை. அனுப்பிய வங்கியில் கேட்டால், “இங்கேயிருந்து போயாச்சு” என்றார்கள். மனைவி தம் வங்கியில் கேட்டபோது, “எங்களுக்கு வரலைம்மா” என்றார்கள். இரண்டும் உண்மை. பணம் நின்ற இடம் இந்த இரு வங்கிகளுக்கும் நடுவில் இருந்தது. அங்கே கேட்க இருவருக்கும் வழியில்லை, ஏனென்றால் இடைநிலை வங்கிக்கு இவர்கள் வாடிக்கையாளர்களே அல்லர்.

அனுப்பிய வங்கி கணக்கு எண்ணில் ஏதோ பிழை செய்திருக்கும் என்பதே என் முதல் ஊகம். அது தவறு. கிளைக்குச் சென்று ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும், அந்தப் பரிமாற்றத்தின் யூஇடிஆர் எண்ணையும் கேட்டு வாங்கும்படி அவரிடம் சொன்னேன். இந்த எண் 36 எழுத்துகள் கொண்டது. 2018 நவம்பர் முதல் வாடிக்கையாளர் பணச்செய்தி ஒவ்வொன்றிலும் கட்டாயம் இடம்பெறுகிறது. சங்கிலியில் எந்த வங்கியில் பணம் நிற்கிறது, யார் எவ்வளவு கழித்தார் என்பதை அனுப்பிய வங்கி இதைக் கொண்டு திரையில் பார்க்க முடியும். கவுண்டரில் இருந்த இளைஞருக்கு இப்படி ஓர் எண் இருப்பதே தெரியவில்லை. உள்ளே இருந்த மூத்த அலுவலர் எழுந்து வந்து இரண்டு நிமிடங்களில் எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது இடைநிலை வங்கியில், ஐந்தாவது நாளிலிருந்து பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

காரணம், மனைவியின் பெயர். தடை விதிக்கப்பட்டோர் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பெயரோடு அவருடைய பெயரின் ஒரு பகுதி ஒத்துப்போயிருக்கிறது. 1989-இல் தொடங்கப்பட்ட நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்னும் பன்னாட்டு அமைப்பின் 16-ஆவது பரிந்துரை, அனுப்புநர், பெறுநர் விவரங்கள் சங்கிலி முழுவதும் கூடவே பயணிக்க வேண்டும் என்கிறது. அதன்படி ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்குச் சல்லடை போடுகிறது. வேற்றுமொழிப் பெயர்களை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதலாம் என்பதால் சல்லடையின் கண்களை வேண்டுமென்றே சிறிதாக வைக்கிறார்கள். அதில் சிக்குவோரில் பெரும்பாலோர் சம்பந்தமே இல்லாதவர்கள். பிறந்த தேதியும் முகவரியும் கொடுத்தால் ஐயம் தீர்ந்துவிடும். இவையிரண்டும் கேட்டு ஆறாவது நாளே கேள்வி புறப்பட்டு, சங்கிலியில் பின்னோக்கி வந்து, ஏழாவது நாள் அனுப்பிய வங்கியை எட்டி, அன்றே வாடிக்கையாளருக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கிறது.

தெரிவிக்கப்பட்ட இடம், செயலிக்குள் இருக்கும் ‘செய்திகள்’ என்ற பெட்டி. அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தேன். கடன் அட்டை விளம்பரங்களும் விழா வாழ்த்துகளுமாக 140 படிக்காத செய்திகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில், ‘உங்கள் பரிமாற்றம் தொடர்பான கூடுதல் விவரம்’ என்ற பொருள்படும் தலைப்போடு அது கிடந்தது. ஐந்து நாட்கள் அங்கேயே கிடந்திருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகளை வேலைக்காலத்தில் நானே நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதும் ‘வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போயிருக்கிறேன். மறுமுனையில் அது எங்கே போய் விழுகிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பன்னிரண்டாவது நாள் விவரங்கள் கொடுக்கப்பட்டு, பதினான்காவது நாள் பணம் விடுவிக்கப்பட்டது. ஆனால் பெறுநரின் வங்கியில் மறுபடியும் நின்றது. மனைவியின் கணக்குப் புத்தகத்தில் பெயர் முன்னெழுத்தோடு இருந்தது. கிளையில் படிவம் நிரப்பியபோது கவுண்டரில் இருந்தவர், ‘முழுப்பெயர் வேண்டும்’ என்று சொல்லி, கணவருடைய பெயரையே குடும்பப் பெயராகச் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். செயலியில் முன்பு பதிவாகியிருந்த பெயர் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே இருந்ததால் மாதப் பணத்துக்கு இந்தச் சிக்கல் ஒருமுறையும் வந்ததில்லை. பெயர் திருத்தச் செய்தி அதே சங்கிலியில் மறுபடி நடந்து போய்ச் சேரவும், நடுவில் வாரவிடுமுறை குறுக்கிடவும், வரவு வைக்கப்பட்டது பத்தொன்பதாவது நாள்.

பணத்தைச் சங்கிலி உண்மையில் சுமந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு நாட்கள்கூட ஆகவில்லை. மற்ற நாட்களெல்லாம் யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்த நாட்கள். 2027 இறுதிக்குள் நான்கில் மூன்று பங்கு பரிமாற்றங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஜி20 நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. தொழில்நுட்பம் அதற்கு இப்போதே தயார் என்றுதான் சொல்வேன். முன்னெழுத்துக்கும் முழுப்பெயருக்கும் இடையிலான வழக்கு தீர்ந்தபாடில்லை.

உண்டியல் என்னும் மாற்று

இந்த நாட்களில் அவருடைய அறைத் தோழர் ஒருவர், “உண்டியல்ல போட்டிருந்தா அன்னைக்கு சாயங்காலமே வீட்டு வாசல்ல கொண்டுவந்து குடுத்திருப்பான்” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வேகத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. உண்டியலில் பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. இங்கே ஒருவரிடம் அலகைக் கொடுத்தால், அங்கே அவருடைய கூட்டாளி ஊர்க்காசை எடுத்துக் கொடுக்கிறார். எதிர்த்திசையில் வரும் கணக்குகளோடு இருவரும் பிற்பாடு நேர்செய்துகொள்கிறார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், 2011-இல் லண்டனில் எஸ்தோனியர் இருவர் தொடங்கிய, இன்று வைஸ் என்று அழைக்கப்படும் நிறுவனம் முதலில் செய்ததும் இதே நேர்செய்தல்தான்: இந்த நாட்டில் வாங்கிய பணத்தை இந்த நாட்டிலேயே கொடுத்து, அந்த நாட்டில் வாங்கியதை அங்கேயே கொடுப்பது. வேறுபாடு உரிமத்திலும், அடையாளச் சரிபார்ப்பிலும், கையில் கிடைக்கும் ரசீதிலும் இருக்கிறது. அந்த வேறுபாடு சிறியதன்று. உரிமமற்ற உண்டியல் பல நாடுகளில் குற்றம். கொடுத்தவர் தலைமறைவானால் முறையிட இடமில்லை. இங்கே வாங்கப்படும் பணமும் அங்கே கொடுக்கப்படும் பணமும் எந்தக் குற்றத்தில் புழங்கியவை என்பது தொழிலாளிக்குத் தெரியாது. இவருடைய நிலையில் இன்னொரு காரணமும் இருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் அடைப்புத் தொகை எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிச் சான்று கேட்டிருந்தது. வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் கட்டுக்குச் சான்று யாரும் தருவதில்லை. பத்தொன்பது நாள் அலைந்த அந்தப் பணத்துக்கு ஒவ்வொரு அடியிலும் தாள் இருந்ததால்தான், அது எங்கே போயிற்று என்பதை என்னால் இங்கே எழுத முடிகிறது.

திரும்பக் கிடைத்ததும் கிடைக்காததும்

அனுப்பிய வங்கிக்கு எழுத்து மூலம் முறையீடு செய்தோம். கட்டணப் பகிர்வுக் கட்டத்தை முன்கூட்டியே குறித்து வைத்ததையும், பெயரை மாற்றி எழுதச் சொன்னதையும் மட்டும் அதில் வைத்தேன். கோபத்தை வைக்கவில்லை, கோபம் நிறைந்த முறையீடுகள் எந்தத் தட்டில் போய் விழும் என்பது எனக்குத் தெரியும். மூன்று வாரம் கழித்து 40 அலகுக் கட்டணத்தை, ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற குறிப்போடு திருப்பினார்கள். இடைநிலைக் கழிவுகளும் மாற்று விகித இழப்பும் திரும்பவில்லை. அவை திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. குறைந்த 1,380-ஐ மனைவியின் தம்பி கைமாற்றாகக் கொடுத்தார். தவறிய ஒரு வாரத்துக்கான வட்டியைக் கடன் நிறுவனம் விடாமல் வாங்கிக்கொண்டது. அடமானப் பத்திரம் கைக்கு வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து அனுப்பினால் லாபமா என்று அவர் பிறகு கேட்டார். மாறாக் கட்டணம் வாங்கும் இடத்தில் லாபம் உண்டு: 1000-க்கு 15 என்பது ஒன்றரை சதவீதம், 2000-க்கு அதே 15 முக்கால் சதவீதம். விகிதத்துக்குள் கழிக்கும் இடத்தில் எத்தனை மாதம் சேர்த்தாலும் சதவீதம் குறையாது. வீட்டுச் செலவு மாதந்தோறும் வருவதால் அந்த முக்கால் சதவீதத்துக்காக மனைவியைக் கடன் வாங்க வைப்பதில் பொருளில்லை என்று அவரே முடிவு செய்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அடுத்த மாதம் அவர் எக்ஸ்சேஞ்சுக்குச் சென்றபோது நானும் உடன் போயிருந்தேன். மனைவியின் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கப் புகைப்படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, முன்னெழுத்தையும் புள்ளியையும் அதில் இருந்தபடியே படிவத்தில் பார்த்து எழுதினார். முதல் முறை என்பதால் 50 அலகு மட்டும் அனுப்பி, அது வரவானதை உறுதி செய்துகொண்டு, மறுநாள் மீதியை அனுப்பப் போனார். கட்டணம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. “950 குடுத்தா அங்க கணக்குல எவ்வளவு விழும்?” என்றார். கவுண்டரில் இருந்தவர் கணிப்பானைத் தட்டி, ரசீதின் பின்புறத்தில் பேனாவால் 18,588 என்று எழுதிக் கொடுத்தார். மாலையில் மனைவி அனுப்பிய புகைப்படத்தில் கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியும் 18,588 என்றே இருந்தது. அந்த ரசீதை உறைக்குள் வைப்பதற்கு முன்பு, முன்பக்கமும் பின்பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.